இடது பக்கத்துக் கறுப்பு

ஸ்கேன் எடுக்கப்போவது ஒரு பெண் என்பது ஆறுச்சாமிக்கு அந்த மாடிக்கு ஏறிய பிறகுதான் தெரிந்தது. கோயமுத்தூர் திருச்சி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், படிக்கட்டோரப் பலகையில் 'டாக்டர் இஸ்மத்' என்று படித்துவிட்டு, யாரோ ஒரு பாய் டாக்டர் என்று நினைத்துத்தான் ஏறினான். மேலே கண்ணாடிக் கதவுக்கு அப்பால், வெள்ளைக் கோட்டும் தலையில் முக்காடுமாக ஓர் அம்மாள் ஒரு கர்ப்பிணியிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருமே பெண்கள்.

"அவங்கதான் டாக்டருங்களா?" என்று மேசையில் இருந்த பெண்ணைக் கேட்டான்.

"ஆமாங்க. உங்களுக்கு என்ன ஸ்கேனுங்க?"

"அப்பறமா வாரேனுங்க" என்று முணுமுணுத்துவிட்டு, இரண்டிரண்டு படியாக இறங்கிவிட்டான். சென்னை டாக்டர் கொடுத்தனுப்பிய சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது.

அவனுக்கு முப்பத்தாறு வயது. மதுக்கரை சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் வேகிற ராட்சதச் சூளையில் வேலை. நீலக்கண்ணாடி வழியாக உள்ளே எரியும் நெருப்பைப் பார்த்து, அதன் நிறத்தை வைத்தே கூட்டவும் குறைக்கவும் சொல்லுகிற ஆள். மனைவி சென்னியம்மாளுக்குப் பிறந்த ஊர் சென்னிமலைப் பக்கம். குறிச்சியில் ஒரு நூல் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் இருந்தாள். இருவருக்கும் ஷிப்டு வேலை. சில வாரங்களில் ஒருவர் சாப்பிட்டு வைத்த தட்டைப் பார்த்துத்தான் இன்னொருவர் வந்துபோனது தெரியும். கல்யாணமாகிப் பத்து வருஷம். குழந்தை இல்லை.

அந்தப் பத்து வருஷத்தில் பெரும்பகுதி சென்னியம்மாளைத்தான் எல்லோரும் பரிசோதித்தார்கள். மாத்திரை, ஊசி, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தல், மறுபடி மாத்திரை. கடைசியாக ஒரு டாக்டர் மட்டும், "உங்க வீட்டுக்காரரை ஒரு தடவை பரிசோதிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். பார்த்ததில் ஆறுச்சாமியின் விந்தில் அணு ஒன்றுகூட இல்லை என்று வந்தது.

சூளை வெக்கைதான் காரணம் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். சென்னையில் பார்த்த டாக்டர் பாலகோபால் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "உங்ககூட அதே சூளையில நிக்கிறவங்களுக்கெல்லாம் பிள்ளை இருக்கில்ல? இது பிறவியிலேயே அமைஞ்சதா இருக்கலாம். அணு வெளியில வரலைன்னா உள்ளேயும் இல்லைன்னு அர்த்தமில்ல. விதைக்குள்ள அங்கங்க கொஞ்சம் உற்பத்தி ஆகலாம். திறந்து, சின்னச் சின்னதா சதையை எடுத்து, மைக்ராஸ்கோப்ல தேடிப் பார்ப்போம். கிடைச்சா ஒரு முட்டைக்கு ஒரு அணுன்னு ஊசியால உள்ள விட்டுடலாம்."

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் அந்த ஆபரேஷன் நடந்தது. வலது விதையில் எங்கு தேடியும் ஒன்றும் இல்லை. இடது விதையில் ஓரிடத்தில் மட்டும், நீந்தச் சக்தியில்லாமல் லேசாக வாலை அசைத்துக்கொண்டு சில அணுக்கள் கிடைத்தன. அவற்றை வைத்து இரண்டு கருக்கள் உருவாயின. இரண்டையும் சென்னியம்மாளின் வயிற்றில் வைத்தார்கள். இரண்டும் நிற்கவில்லை. மில்லில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனவள், முகத்தைக் கழுவிவிட்டு வந்து மிச்ச ஷிப்டையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னொரு தடவை செய்யலாம்" என்றார் பாலகோபால். "ஆனா அவசரப்படக் கூடாது. விதையைத் திறந்த இடம் உள்ளே ஆறியிருக்கணும். மூணு மாசத்துல ஒரு ஸ்கேன், ஆறு மாசத்துல ஒரு ஸ்கேன். கோயமுத்தூர்லயே இஸ்மத்கிட்ட எடுங்க. என்கூடப் படிச்சவங்க. இதையெல்லாம் பொறுமையாப் பார்ப்பாங்க."

அந்த மூன்று மாத ஸ்கேனுக்குத்தான் ஆறுச்சாமி போய், படியிறங்கி ஓடிவந்திருந்தான்.

சும்மா வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. வேறொரு பெரிய ஸ்கேன் சென்டர் கண்ணில் பட்டது. உள்ளே இருந்தவர் ஆண். அது போதும் என்றிருந்தது. சீட்டை அவன் காட்டவில்லை.

"என்ன தொந்தரவு?"

"கீழ, விதையில இடது பக்கம் வலிங்க."

"முன்னால ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணியிருக்கா?"

வெளியில் வரிசையாக ஆட்கள். கதவும் பாதி திறந்திருந்தது. "சின்னதுல விதை வீங்கி, ஓதத்துக்குப் பண்ணுனாங்கங்க" என்றான்.

டாக்டர் கருவியை வைத்துத் தேய்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். வெளியே வந்து ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போதுதான், "இன்னைக்கே ஒரு சர்ஜனைப் பார்த்திருங்க" என்றார்.

அன்றே போய்ப் பார்த்த சர்ஜன் நல்ல மனிதர்தான். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினார். "இடது விதைக்குள்ள இது இருக்குது. உங்க வயசுல இப்படித் தெரிஞ்சா புத்துநோய்னுதான் எடுத்துக்கணும். ஊசி குத்திப் பார்க்கக் கூடாது, பரவிடும். முழுசா எடுத்திர்றதுதான் முறை. பயப்படாதீங்க, நல்லா குணமாகிற ஜாதி இது. பிள்ளைங்க எத்தனை?"

"இல்லீங்க."

"அதுக்கும் கவலை வேண்டாம். வலது பக்கம் ஒண்ணு நல்லா இருக்குதே."

ஆறுச்சாமி தலையை ஆட்டினான். வலது பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்பதை அவன் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்.

பிப்ரவரியில் ஊரில் குண்டுகள் வெடித்ததிலிருந்து, உக்கடத்தில் அந்த வருஷம் முழுக்கப் போலீஸ் சோதனை இருந்தது. ஒரு போலீஸ்காரர் அவன் கையிலிருந்த பெரிய உறையை வாங்கி, படத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வயித்துக்கா?" என்றார். "ஆமாங்க" என்றான். "காரத்தைக் குறைங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஆறுச்சாமி உறையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, இரவு ஷிப்டு முடிந்து, தலையில் பஞ்சோடு சென்னியம்மாள் வந்தாள். அவன் வேலைக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே பையைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, மேலுக்குச் சரியில்லீங்களா?"

சொன்னான். கறுப்புத் திட்டு, புற்றுநோய், எடுத்துவிட வேண்டும் என்று சொன்னது, எல்லாவற்றையும். அவள் அழவில்லை.

"எப்பப் போயிச் சேரோணும்?"

"நான் போகல."

"போகலையா?"

"அந்த ஒண்ணுலதான இருந்துச்சு, சென்னி. அதையும் எடுத்துப்போட்டா அப்பறம் என்ன இருக்குது? இன்னொரு தடவை சென்னையில பார்த்துப்போட்டு, பொறகு எடுத்துக்கிறேன்."

"இன்னொரு தடவைக்கு எத்தனை மாசம் ஆகும்? அதுக்குள்ள அது எங்கெங்க பரவும்?" அவள் குரல் உயர்ந்தது. "எனக்குக் கொழந்தை வேண்டாமுங்க. கேட்டுக்குங்க. எனக்கு வேண்டாம். நீங்க இருக்கோணும். அவ்வளவுதான்."

"உனக்கு வேண்டாம்னா? பத்து வருசமா எதுக்கு..."

"பத்து வருசமா வேணும்னுதான் இருந்துச்சு. இப்ப வேண்டாம்!"

பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. இருவரும் குரலைத் தாழ்த்தினார்கள். பிறகு அவள், ஏதோ நினைவுக்கு வந்தவள் போலக் கேட்டாள்:

"இதையெல்லாம் அந்த இஸ்மத் டாக்டருங்களா சொன்னாங்க?"

ஆறுச்சாமி தரையைப் பார்த்தான். "அங்க எடுக்கல."

"ஏன்?"

"பொம்பளை டாக்டர்."

"செரி. வேற எங்கியோ எடுத்தீங்க. அவங்ககிட்ட சென்னையில பண்ணுனதைச் சொன்னீங்கல்ல?"

அவன் சட்டைப்பையிலேயே கிடந்த சென்னைச் சீட்டை எடுத்து நீட்டினான். சென்னியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அவள் மெதுவாகக் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் எத்தனை ஆம்பளை டாக்டருங்க முன்னால படுத்திருக்கேன், தெரியுங்களா? கூடவே படிக்கிற பசங்க நாலஞ்சு பேரு சுத்தி நின்னு பார்ப்பாங்க. மேல பார்த்துக்கிட்டு காத்தாடி சுத்தறதை எண்ணிக்கிட்டுக் கெடப்பேன். எனக்கு வெக்கம் இல்லீங்களா?"

இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் ஏதாவது சொல்லியிருப்பான். அவள் சாதாரணமாக, நேற்று என்ன குழம்பு வைத்தாள் என்று சொல்வது போலச் சொன்னாள். அந்த அறைகளின் வெளியே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்திருக்கிறான். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"எந்திரிச்சுக் குளிங்க. நானும் தலைக்கு ஊத்திட்டு வாரேன். ரெண்டு பேரும் போலாம்" என்றாள்.

டாக்டர் இஸ்மத் முதலில் ஸ்கேன் எடுக்கவில்லை. எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். எந்த மாதம் ஆபரேஷன், எந்தப் பக்கம் எத்தனை இடத்தில் சதை எடுத்தார்கள், அதன்பின் வீக்கம் இருந்ததா, காய்ச்சல் வந்ததா. ஆறுச்சாமி திக்கிய இடத்திலெல்லாம் சென்னியம்மாள் எடுத்துக் கொடுத்தாள். முந்தைய சென்டரில் உண்மையைச் சொல்லவில்லை என்பதை மட்டும் அவனே சொன்னான். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். "ம்" என்று தலையசைத்துவிட்டு எழுந்தார்.

"வீட்டம்மா உள்ளே இருக்கட்டுமா, வெளியில இருக்கட்டுமா?"

"இருக்கட்டுமுங்க."

"வேட்டியை இறக்கிட்டு இந்தத் துணியை மேல போட்டுக்குங்க. ஜெல்லி ஜில்லுனு இருக்கும்."

அவர் கை அவசரமில்லாமல் நகர்ந்தது. கண் திரையில்தான் இருந்தது. ஆறுச்சாமி பயந்தபடி அந்த அறையில் எதுவும் நடக்கவில்லை. கை முறிந்தவனுக்குக் கட்டுப் போடுகிற மாதிரிதான் இருந்தது.

"இதுதான் அந்தக் கறுப்பு" என்று திரையைத் திருப்பிக் காட்டினார் டாக்டர். சாம்பல் நிற உருண்டையின் மேலோரத்தில் ஒரு திட்டு. பிறகு துணியைக் கொஞ்சம் விலக்கி, மேல்தோலில் இருந்த தையல் தழும்பைப் பார்த்தார். கருவியைச் சரியாக அந்தத் தழும்பின்மேல் வைத்தார். திரையில் கறுப்புத் திட்டு நட்டநடுவில் வந்து நின்றது. ஒரு பித்தானை அமுக்கினார். சிவப்பும் நீலமுமாகப் பொட்டுப் பொட்டாக நிறங்கள் தோன்றின.

"இந்த நிறமெல்லாம் ரத்த ஓட்டம். திட்டைச் சுத்தி ஓடுது பாருங்க. உள்ளே ஒண்ணுமே இல்ல. கட்டின்னா பெரும்பாலும் உள்ளேயும் ஓடும். அதோட, இது இருக்கிறது சரியா அவங்க கத்தி வெச்ச இடத்துக்குக் கீழ. சதை எடுத்த இடத்துல ரத்தம் கட்டி, புண்ணாகி, ஆறிட்டு வருது. இந்த ஆபரேஷன் ஆனவங்களுக்கு மூணு மாசத்துல எடுத்தா நிறையப் பேருக்கு இப்படித்தான் தெரியும்."

சென்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அந்த டாக்டர் தப்பாச் சொல்லிப்போட்டாருங்களா?" என்றான் ஆறுச்சாமி.

"இல்லீங்க. நீங்க அவருக்குச் சொன்ன கதைக்கு அவர் சொன்னது சரி. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

டாக்டர் அங்கிருந்தே சென்னைக்குப் போன் போட்டு பாலகோபாலிடம் பேசினார். ஆகஸ்டில் எடுத்த சதைத் துண்டில் புற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை என்று அங்கே ஏற்கனவே பார்த்திருந்தார்கள். போனை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேன். உங்களைச் சமாதானப்படுத்தறதுக்காக எதையும் மறைக்க மாட்டேன். அணு உற்பத்தி குறைவா இருக்கிற ஆம்பளைங்களுக்கு இந்தப் புத்துநோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லி விட்டுட முடியாது. இன்னைக்கே ரத்தம் கொடுங்க, அதுல தெரியற சில அடையாளங்களைப் பார்ப்போம். நடுவுல ஒரு ஸ்கேன், பிப்ரவரியில ஒரு ஸ்கேன். சுருங்கிச்சுன்னா தழும்பு. வளர்ந்துச்சுன்னா நானே உங்களை அந்தச் சர்ஜன்கிட்ட அனுப்புவேன். அப்ப மாட்டேன்னு சொல்லக் கூடாது. சரிங்களா?"

"செரிங்க" என்றாள் சென்னியம்மாள், அவன் வாய் திறப்பதற்குள்.

ரத்தப் பரிசோதனையில் கோளாறு இல்லை. ஆனாலும் காத்திருப்பது லேசாக இல்லை. சூளை முன்னால் நிற்கும்போது ஆறுச்சாமி நீலக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தபடியே மறந்து நின்றுவிடுவான். கூட வேலை செய்யும் அப்துல் மஜீத் தோளைத் தொட்டு, "ஏனுங்க, நெருப்பு சிவக்குது பாருங்க, சூடு எறங்குது" என்பான். சென்னியம்மாள் அவன் சாப்பிடும் அளவைக் கவனித்தாள். மெலிகிறானா என்று பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. அதனால் பசியில்லாவிட்டாலும் இன்னொரு தோசை கேட்டு வாங்கிக்கொண்டான். ஆனால் ஒன்று மாறியிருந்தது. வேலை முடிந்து வந்தவர் தூங்கப்போகாமல் மற்றவருக்காகக் காத்திருந்தார்; இருவரும் பத்து நிமிஷமாவது பேசினார்கள். அவள் அந்தப் பழைய ஆஸ்பத்திரி அறைகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிலவற்றுக்கு இருவரும் சிரித்தார்கள். சிலவற்றுக்கு அவனால் சிரிக்க முடியவில்லை.

தைப்பூசத்துக்குச் சென்னிமலைக்குப் போனபோது படியேறும் பாதியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. அவள் பயந்துபோய் அவன் முகத்தைப் பார்த்தாள். "சூளைக்காரனுக்கு மலை ஏறிப் பழக்கமில்ல, புள்ள. வேற ஒண்ணுமில்ல" என்றான். நடுவில் எடுத்த ஸ்கேனில் திட்டு கொஞ்சம் சிறுத்திருந்தது. டாக்டர் அதற்காக மகிழ்ச்சி காட்டவில்லை. "பிப்ரவரி வரட்டும்" என்றார்.

பிப்ரவரியும் வந்தது. இந்த முறை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கருவியை மேலும் கீழும் சாய்த்தார்; அளந்தார், அழித்தார், மறுபடி அளந்தார். ஆறுச்சாமி திரையைப் பார்க்கவில்லை. சென்னியம்மாளின் முகத்தைத்தான் பார்த்தான். அவள் எட்டி, கண்ணைச் சுருக்கித் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, நீங்களே சொல்லுங்க" என்றார் டாக்டர். "அந்தக் கறுப்பு எங்க இருக்குது?"

"காணோமுங்களே."

"எனக்கும் காணோம்." அவர் விரலால் திரையைத் தொட்டார். மெல்லிய, பளிச்சென்ற ஒரு வெள்ளைக் கோடு மட்டும் அங்கே இருந்தது. "இது தழும்பு. இது எப்பவும் இருக்கும், ஒண்ணும் செய்யாது. மத்த இடமெல்லாம் ரத்த ஓட்டம் நல்லா இருக்குது. புத்துநோய் இல்லீங்க, ஆறுச்சாமி."

அவன் எழுந்து உட்கார முயன்றான். மேலே துணி மட்டும் இருப்பது நினைவுக்கு வந்து மறுபடி படுத்துக்கொண்டான். சென்னியம்மாள் அப்போதுதான் அழுதாள். நவம்பரிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து, சத்தம் போட்டு அழுதாள். வெளியில் இருந்த பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"பாலகோபாலுக்கு நான் எழுதறேன்" என்றார் டாக்டர், கண்ணாடியைத் துடைத்தபடி. "இன்னொரு தடவை முயற்சி பண்றதா இருந்தா, இந்தக் கோட்டை விட்டுத் தள்ளி வேற பக்கம் தேடச் சொல்றேன். ஆனா அதை நீங்க ரெண்டு பேரும் யோசிச்சு முடிவு பண்ணுங்க."

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது ஆறுச்சாமி கேட்டான். "வேண்டாம்னு சொன்னியே. இப்பவும் வேண்டாமா?"

சென்னியம்மாள் டம்ளரை ஊதிக்கொண்டே, "அன்னைக்கு அப்படிச் சொன்னேன்" என்றாள். கொஞ்சம் குடித்தாள். "இப்பக் கேட்டீங்கன்னா வேணும். கெடைக்கலைன்னாலும் பரவாயில்லீங்க. ஒரு தடவை போயிட்டு வரலாம்."

மார்ச் கடைசியில் போனார்கள். பாலகோபால் ஸ்கேன் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தழும்பு இல்லாத கீழ்ப்பக்கமாகத் திறந்து தேடினார். முதலில் எடுத்த துண்டுகளில் ஒன்றும் இல்லை. நிறுத்திவிடலாமா என்று யோசிக்கும் நேரத்தில் எடுத்த துண்டில் கிடைத்தன. முதல் தடவையைவிட அதிகம் என்று சொல்ல முடியாது, போதுமான அளவு. மூன்று கருக்களை வைத்தார்கள். இரண்டு வாரம் சென்னியம்மாள் மில்லுக்கு லீவு சொல்லி, மதுக்கரை வீட்டில் தும்மவும் பயந்து படுத்துக் கிடந்தாள். ஒன்று நின்றது.

ஜூனில் ஆறுச்சாமியின் மூன்று மாத ஸ்கேன் வந்தது. அவளைப் பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாமென்று அவன் மட்டும் போனான். கூடத்தில் வழக்கம்போல் பெண்கள்தான் நிறைய. ஒரு நிமிஷம் தயங்கினான். பிறகு மேசைக்குப் போய், "விதையில ஆபரேஷன் பண்ணி அணு எடுத்திருக்குதுங்க. ஆறியிருக்குதான்னு பார்க்கோணும்" என்றான். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பெஞ்சில் இருந்த ஒரு வயதான அம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நகர்ந்து உட்கார இடம் கொடுத்தாள். புது இடத்தில் ஒரு சின்னக் கறுப்பு இருந்தது. "எதிர்பார்த்ததுதான். வருஷக் கடைசியில வாங்க" என்றார் டாக்டர். ஆண்சுரப்பு நீர் குறைந்திருக்கிறதா என்று ரத்தத்திலும் பார்த்தார், குறையவில்லை.

டிசம்பரில் ஒரு மத்தியானம் ஆலை டைம் ஆபீசுக்குப் போன் வந்தது. சென்னியம்மாளுக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள், ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப்போகிறார்கள் என்று மாமியார் பேசினார். மஜீத் தன் ஸ்கூட்டரில் அவனை ஏற்றிக்கொண்டு குனியமுத்தூர் வழியாகப் பறந்தான். போய்ச் சேருவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டிருந்தது. தலைமயிர், சட்டை, புருவம் எல்லாம் சிமெண்டுப் புழுதியோடு வந்து நின்றவனை நர்ஸ் உள்ளே விடவில்லை. "இப்படியே வந்து குழந்தையைத் தொடுவீங்களா? போயிக் கை காலைக் கழுவிட்டு வாங்க."

குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தான். மஜீத் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். அதிலும் சிமெண்டு இருந்தது. இருவரும் சிரித்தார்கள். சட்டையைக் கழற்றி உதறி மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

சென்னியம்மாள் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். துணிச் சுருளுக்குள் இருந்த முகம் யார் ஜாடை என்று அவனால் சொல்ல முடியவில்லை. மூக்கு மட்டும் அவளுடையது போல இருந்தது. குழந்தை கண்ணைத் திறக்காமலே வாயைக் குவித்தது. அவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"ஈரமுங்க" என்றாள் சென்னியம்மாள், சோர்ந்த குரலில். "அவளுக்குக் குளிரும். தொடைச்சுட்டு வாங்குங்க."

அவன் கட்டிலோரம் கிடந்த துண்டில் கைகளை அழுத்தித் துடைத்துவிட்டு, மகளை வாங்கிக்கொண்டான்.